எழுபது மில்லி ஆம்பியர்

கீலுங்கில் மழை விடாது.
விட்டாலும் சுவர்கள் விடுவதில்லை.
அதனால் முதலில் மழையைத்தான் சந்தேகித்தேன்.

மூன்று நாள் நிறுத்திவைத்தால்
நான்காம் நாள் ஸ்டார்ட்டர்
தொண்டையில் முள் சிக்கியதுபோல்
‘டிக்’ என்று ஒருமுறை. அவ்வளவுதான்.
இரவு ஒரு மணிக்கு மீன் ஏலம்.
கணக்குப் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் சுற்றி
வயிற்றோடு செருகிக்கொண்டு
கிக்கரை உதைத்து உதைத்துக்
கணுக்கால் கன்றிப்போனது.

புது பேட்டரி போட்டார் லியாவ்.
இரண்டு மாதத்தில் இன்னொன்று.
“ரெக்டிஃபயர் போயிருக்கும், மாற்றிவிடலாம்” என்றார்
பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கி.
விலை கேட்டேன்.
அதில் பாதிக் காசுக்கு
ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாசல் தூண்களுக்கிடையில் முக்காலி, நெற்றியில் டார்ச்.
இஞ்சினை ஓடவிட்டு அளந்தேன்:
பதினான்கு புள்ளி இரண்டு வோல்ட்.
இன்னும் முறுக்கினேன். அதே பதினான்கு இரண்டு.
ஸ்டேட்டர் உழைக்கிறது,
ரெக்டிஃபயர் யோக்கியமாக இருக்கிறது,
பாவம், அதைப்போய்த் திருடன் என்றோமே.

வரவு சரி. அப்படியானால் செலவு.
பதினெட்டு வருடம் ஏலக் கணக்கு எழுதுகிறவளுக்கு
இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எடை சரியாக இருந்து பணம் குறைந்தால்
பெட்டியில் ஓட்டை.

சாவியை அணைத்தேன்.
நெகட்டிவ் ஒயரைக் கழற்றி
இடையில் மீட்டரைக் கோத்தேன்.
தூங்குகிற வண்டி
கடிகாரத்துக்கென்று ஒன்றோ இரண்டோ குடிக்கலாம்.
இது குடித்தது எழுபது மில்லி ஆம்பியர்,
இரவும் பகலும், சத்தமே இல்லாமல்.

ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினேன். எழுபது.
விளக்கு. எழுபது.
கடைசியில் மெயின் ஃபியூஸையே உருவினேன்.
கடிகாரம் அணைந்தது.
அறுபத்தெட்டு.
ஃபியூஸுக்கும் முன்னால்
யாரோ வாய் வைத்திருக்கிறார்கள்.

அப்போது போன்.
தைசுங்கிலிருந்து மிங்-த்சுங்; வாரத்தில் ஐந்து நாள் அங்கே வேலை.
“சாப்பிட்டாயா?”
“ஆச்சு.”
“செவ்வாய்க்கிழமை கலங்கரை விளக்கத்துப் பக்கம் நல்ல மழையோ?”
“நல்ல மழை” என்றேன், கையில் ஸ்க்ரூடிரைவர்.
வைத்த பிறகுதான் உறைத்தது.
செவ்வாய்க்கிழமை அங்கே போனதை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

கால்பலகையில் நான்கு திருகு.
ஒன்று துருவில் தலை மழுங்கி
அரை மணி நேரம் என்னைத் தின்றது.
பாசிட்டிவ் முனையில்
வளையத்துக்கு அடியில் இன்னொரு வளையம்.
அதிலிருந்து நூல்போல் ஒரு சிவப்பு ஒயர்.
விரலில் சுற்றிக்கொண்டே போனேன்
ஹெட்லைட்டின் முதுகு வரை.
தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி.
பக்கத்தில் சிம் செருகும் பிளவு.
பச்சைப் பொட்டொன்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

சுற்றியிருந்த டேப்பின் நுனி
உள்ளே மடிக்கப்பட்டிருந்தது,
அடுத்தமுறை பிரிக்க நகத்தால் தேட வேண்டாம் என்று.
எங்கள் வீட்டில் எந்த டேப்பும் அப்படித்தான் முடியும்.
அதை ஒரு நல்ல குணமென்று
அக்காவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அங்கே நான் செய்தது இது:
வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.
டீயில் வெந்த முட்டை இரண்டு வாங்கினேன்.
கடலைப் பார்த்தபடி
ஒன்றைத் தின்றேன். பிறகு இன்னொன்றையும்.

ஒயரை நறுக்கினேன். பொட்டு அணையவில்லை.
அதற்குள்ளும் சின்னதாக ஒரு பேட்டரி,
சில மணி நேரத்துக்கு.
ஒன்பது மணி. பாட்டுப் போட்டுக்கொண்டு
குப்பை வண்டி திருப்பத்தில் வந்தது.
குடையும் செருப்புமாகத் தெருவே இறங்கி நின்றது.
என் பைக்குள் முட்டை ஓடு, மீன் செதில்,
நடுவில் அந்தப் பெட்டி.
போகட்டும்.
இன்றிரவு ஊரின் அத்தனை சந்தையும்
வீடு வீடாக நின்று நின்று
அவருக்குக் காட்டட்டும்.

திரும்பி வந்து மெயின் ஃபியூஸைச் செருகி
மீட்டரைப் பார்த்தேன்: இரண்டு.
கடிகாரம் பன்னிரண்டு பூஜ்யம் பூஜ்யம் என்று
புதிதாகப் பிறந்து மின்னியது.

முக்காலியில் போன் அதிர ஆரம்பித்தது.
நின்றது. மறுபடி அதிர்ந்தது.
மீட்டரை எடுத்துவிட்டு
நெகட்டிவ் முனையின் போல்ட்டை
முதலில் இறுக்கினேன்.